கடலை ஒதுக்கிவிட்டுக் குருவியைப் பதிவது: திருகோணமலையில் வெளி ஒலிப்பதிவு

உப்புவெளியில் கடற்கரையிலிருந்து முந்நூறு மீற்றர் உள்ளே, வேப்பமரத்தில் பாடுகிற ஒரு மாங்குயிலைப் பதிந்து பாருங்கள். அந்த இடத்தில் நிற்கும்போது உங்கள் காதுக்கு மாங்குயில் மட்டும்தான் கேட்கும். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் போட்டுக் கேட்டால் முதலில் வருவது கடல். ஓயாத ஒரு ‘சோ’. அதற்குப் பின்னால் எங்கேயோ குருவி. நம் மூளை பழகிய இரைச்சலை வடித்துவிட்டுக் கேட்கிறது. மைக் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. ஆகவே திருகோணமலையில் இதைப் பழகுகிறவர், கடலும் காற்றும் எந்த மாதம், எந்த நேரம், எந்தப் பக்கத்தில் அடங்கிக் கிடக்கும் என்பதை முதலில் படிக்க வேண்டும். கருவி வாங்குவதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மாதமும் மணியும்

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை. மழையும் உண்டு, கடலும் கொந்தளிக்கும். கரையோரத்தில் குருவி பதிவதற்கு இது உதவாத காலம். ஆனால் முதல் மழைக்குக் குளத்தடியிலும் வயலிலும் தவளைகள் போடுகிற சத்தத்தைப் பதிய இதைவிட நல்ல காலம் இல்லை.

மே முதல் செப்டம்பர் வரை கடல் குளம்போலக் கிடக்கும். அந்த நாட்களில் தொல்லை மேற்கிலிருந்து வரும். கச்சான் காற்று (சுருளில் கட்டி விற்கிற கச்சான் கடலைக்கும் இதற்கும் உறவில்லை) காலை எட்டு, ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் வரை மரத்தை உலுப்பும். இந்த மாதங்களில் உங்களுக்குக் கிடைப்பது விடியலுக்கு முன்னிருந்து ஏழரை வரையான நேரம் மட்டும்.

பெப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் பொற்காலம். வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிராது. வலசை வந்த ஆறுமணிக்குருவி இன்னும் திரும்பிப் போயிராது. குயில் கூவத் தொடங்கியிருக்கும். வண்ணாத்திக்குருவி மரத்தின் உச்சிக் கொப்பில் இருந்து முழுப் பாட்டையும் பாடும். வருடத்தில் பத்து நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அந்தப் பத்தையும் இங்கே போடுங்கள்.

சூரியன் உதிப்பதற்கு 45 நிமிடம் முன்னதாகவே எல்லாம் பூட்டித் தயாராக இருக்க வேண்டும். ஜனவரி கடைசியில் உதயம் ஆறரைக்குக் கிட்ட; மே கடைசியில் ஆறு மணிக்கும் முன்னரே. இருட்டில் முதலில் வாய் திறப்பவை செண்பகமும் குயிலும் வண்ணாத்திக்குருவியும். புலுனிக் கூட்டம் வெளிச்சம் வந்த பிறகுதான் சண்டையைத் தொடங்கும். பத்து மணியளவில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கினால் மூட்டையைக் கட்டுங்கள்.

மனிதச் சத்தத்துக்கும் ஒரு நேர அட்டவணை இருக்கிறது. சுபஹ் பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, கடலுக்குப் போய்த் திரும்புகிற வள்ளங்களின் எஞ்சின், ஆறரைக்குப் பிறகு பாண் ஓட்டோவின் பாட்டு. மார்கழியில் திருவெம்பாவை நாட்களில் நான்கு மணிக்கே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். ஊரின் சூழலொலியைப் பதிய வருகிறவருக்கு இவையும் செல்வம்தான். குருவி மட்டும் வேண்டும் என்றால் ஒலிபெருக்கியிலிருந்து குறைந்தது இரண்டு கிலோமீற்றர் தள்ளிப் போங்கள். வயல் வேலைக் காலத்தில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதல் நாள் பின்னேரமே பார்த்து வையுங்கள்.

இடம்

உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் திடமான ஏதாவது வேண்டும். மணல்மேடு, பாறை, குளக்கட்டு, எதுவென்றாலும் சரி. மரங்கள் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். பத்து வரிசை சவுக்கு நட்டாலும் கடல் இரைச்சல் ஊடே வரும். மணல்மேட்டின் கடற்பக்கத்திலிருந்து தரைப்பக்க அடிவாரத்துக்கு இறங்கினாலே வித்தியாசம் தெரியும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைச் சுற்றியுள்ள பற்றைக்காடு கடலிலிருந்து நன்றாக உள்ளே இருக்கிறது. ஆட்கள் குளிக்க வருவதற்கு முன் போக வேண்டும். பெரியகுளம் பக்கமும் அப்படித்தான். தம்பலகாமத்து வயல்வெளியில் ஆட்காட்டி, கொக்கு, மீன்கொத்தி எல்லாம் கிடைக்கும். திறந்த வெளி என்பதால் காற்றுக் கவசம் இல்லாமல் போகாதீர்கள். நிலாவெளி உப்பளம் வலசைக் காலத்தில் கரையோரப் பறவைகளுக்கு நல்லது, ஆனால் ஒதுங்க மறைப்புக் கிடையாது. கந்தளாய்க் குளக்கட்டு விடியலில் அருமை. அங்கே இருட்டில் தனியே போக வேண்டாம், ஆனை நடமாடுகிற இடம். தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து பதியவும் வேண்டாம், முதலை உண்டு.

கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையைப் பலர் முதல் நாளே தேர்ந்தெடுப்பார்கள். கீழே பாறையில் அலை அடிக்கிற சத்தம் கேட்கத் தனி அழகு. ஆனால் அது காற்று ஓயாத முனை. பாறையின் மறைவில் தரையோடு ஒட்டி மைக்கை வைத்தால் அலை கிடைக்கும். குருவியை அங்கே தேடாதீர்கள். கோயிலுக்குப் போகிற வழியிலுள்ள கோட்டையின் வாசலில் இராணுவத்தினர் நிற்பார்கள். காற்றைத் தடுக்க மயிர்க் கவசம் போட்ட மைக்கும் வயரும் ஹெட்போனும் பார்ப்பவருக்கு வேறு மாதிரித் தெரியும். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பையைத் திறந்து காட்டி, என்ன செய்கிறீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கடற்படை, விமானப்படை முகாம்களின் வேலியோரம் எவ்வளவு நல்ல குருவி பாடினாலும் விட்டுவிடுங்கள். தெரியாத காட்டில் வழித்தடத்தை விட்டு இறங்க வேண்டாம். மிதிவெடிப் பலகை கண்டால் வந்த அடியிலேயே திரும்புங்கள்.

கிட்டப் போவது: காசில்லாத கருவி

தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். இருபது மீற்றரில் பாடுகிற குருவிக்குப் பத்து மீற்றர் கிட்டப் போனால் குருவி 6 டெசிபெல் ஏறும். ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கடல் அதே அளவில்தான் நிற்கும். ஐந்து மீற்றருக்குப் போனால் 12. இந்த 12 டெசிபெலைக் காசு கொடுத்து வாங்குவது கஷ்டம். குருவியைத் துரத்தினால் பறந்துவிடும். ஆனால் பெரும்பாலான பாட்டுக் குருவிகளுக்கு வழக்கமான கொப்பு ஒன்று இருக்கும். அதை முதல் நாள் கண்டுபிடித்து, மறுநாள் இருட்டிலேயே அதன் அடியில் மைக்கை வைத்து, பத்து மீற்றர் வயரை இழுத்துக்கொண்டு தள்ளி இருங்கள். குருவி தானாக மைக்கிடம் வரும்.

பதிந்த பாட்டைப் போட்டுக் காட்டிக் குருவியைக் கூப்பிடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. கூடு கட்டுகிற காலத்தில் அந்த ஆண்குருவி எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, வேலையை எல்லாம் விட்டுவிட்டு உங்களோடு சண்டைக்கு நிற்கும். அப்படிக் கிடைப்பது கோபக் குரல். அதன் இயல்பான பாட்டு அல்ல.

கருவி

கையில் இருக்கிற போனிலேயே தொடங்கலாம். சாதாரணக் குரல்பதிவுச் செயலிகள் மனிதப் பேச்சை எடுத்துக்கொண்டு மற்றதை ‘இரைச்சல்’ என்று வெட்டிவிடும். குருவியும் அதோடு போகும். ஒலியைச் சுருக்காமல் வேவ் கோப்பாகப் பதிகிற, தானியங்கி ஒலிக்கட்டுப்பாட்டை நிறுத்த முடிகிற செயலியாகப் பாருங்கள். ஐபோனின் குரல்பதிவில் தரத்தை ‘லாஸ்லெஸ்’ என்று மாற்றலாம். போனை விமான நிலையில் போடாவிட்டால் நல்ல இடத்தில்தான் அழைப்பு வரும்.

அடுத்த படி கையடக்க ரெக்கோடர். டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், சூம் எச்1 எசென்ஷல் போன்றவை. உரத்த விடியற் கச்சேரிக்கு இவை போதும். அமைதியான காட்டில் ஒலியளவை ஏற்றினால் இவற்றின் உள்மைக்கின் சொந்த இரைச்சல் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். ஆகவே மைக்கின் விவரத்தாளில் சொந்த இரைச்சல் எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். 20க்கு மேல் என்றால் காட்டுக்கு உதவாது. 15க்குக் கீழே நல்லது. பிரைமோ ஈஎம்272 என்ற சின்ன மைக் உருளை 14 டெசிபெல்தான். ரெக்கோடரின் மைக் துளையிலிருந்து வருகிற சிறு மின்சாரத்திலேயே அது வேலை செய்யும். இரண்டு உருளையும் நல்ல வயரும் வாங்கிச் சூட்டுக்கோலால் ஒட்டத் தெரிந்தவருக்கு, குறைந்த செலவில் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

அமைப்புகள்: வேவ், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். தானியங்கி ஒலியளவு நிறுத்தம், லிமிட்டர் (உரத்த ஒலியைத் தானாக அமுக்குவது) நிறுத்தம். ஸ்டீரியோவில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் போகும். தாழ்சுருதி வெட்டியைப் பதியும்போது போடாதீர்கள். காரணம் செண்பகம். அதன் ‘ஊப் ஊப்’ 300 ஹேர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் இருக்கிறது. 200 ஹேர்ட்ஸில் வெட்டி வைத்தால் செண்பகத்தின் நெஞ்சு போய்த் தொண்டைதான் மிஞ்சும். வெட்டுவதை வீட்டில் செய்யலாம், ஒட்டுவதைச் செய்ய முடியாது.

ஒலியளவை, குருவி மிக உரக்கக் கத்தும்போது கருவியின் அளவுகோலில் −12 டெசிபெலைத் தொடுகிற மாதிரி வையுங்கள் (0தான் உச்ச எல்லை). மயில் நடமாடுகிற இடமென்றால் இன்னும் 10 குறையுங்கள். மூன்று மீற்றரில் மயில் அகவினால் எந்தக் கணக்கும் நிற்காது. மெல்லியதும் உரத்ததும் ஒரே பதிவில் அடங்குகிற 32 பிட் மிதவைப் புள்ளிக் கருவிகளில், சூம் எஃப்3, மேலே சொன்ன எச்1 எசென்ஷல் போன்றவற்றில், இந்தக் கவலை இல்லை. ஆனால் அவை மைக்கின் இரைச்சலைக் குறைப்பதில்லை, காற்றையும் நிறுத்துவதில்லை. விளம்பரம் படித்து ஏமாற வேண்டாம்.

தேத்தண்ணி வடியில் காற்றுக் கவசம்

கருவியோடு வருகிற பஞ்சு உறை மூச்சுக் காற்றுக்கு மட்டும்தான். காற்று மைக்கில் மோதிச் சுழல்வதால்தான் ‘குப் குப்’ வருகிறது. அந்தச் சுழலை மைக்கிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். நடுவில் அசையாத காற்று இருக்க வேண்டும். இதைக் கடைத்தெருவில் கிடைக்கிற சாமானால் செய்யலாம்.

எட்டு சென்ரிமீற்றர் வாயுள்ள கம்பிவலைத் தேத்தண்ணி வடி இரண்டு வாங்குங்கள். கைப்பிடியை வெட்டி, வெட்டிய கூரை அராவி விடுங்கள். ஒரு வடியின் விளிம்பில் நான்கு பக்கமும் உள்ளாடை நாடா இழுத்து, நடுவில் மைக் உருளை தொங்குகிற மாதிரிக் கட்டுங்கள். உருளை எந்தப் பக்கமும் வலையைத் தொடக்கூடாது. சுற்றிவர மூன்று சென்ரிமீற்றருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். வயரை விளிம்பு வழியாக எடுத்து, மற்ற வடியை வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்து, இன்சுலேசன் ரேப்பால் சுற்றுங்கள். பிறகு உருண்டையைக் காதருகே பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ‘கிண்’ என்று ஏதாவது கேட்டால் கம்பி ஒன்று தளர்ந்திருக்கிறது. அதை இப்போதே ஒட்டாவிட்டால் ஒவ்வொரு பதிவிலும் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

மேலே மயிர்த்துணி. மயிர் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளம் இருந்தால் நல்லது. பழைய கரடிப் பொம்மையின் தோலும் ஆகும். ஆனால் துணியின் பின்பக்கத்தை வாயில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மூச்சு இலகுவாக ஊடே போனால் ஒலியும் போகும். போகாவிட்டால் குருவி கம்பளிக்குள் கத்துகிற மாதிரி இருக்கும். மயிர் வெளிப்பக்கம் இருக்கும்படி பையாகத் தைத்து, அடியில் நாடா போட்டு இறுக்குங்கள். கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டு, சீப்பால் வாருங்கள். உப்பேறி ஒட்டிப்போன மயிர் காற்றைத் தடுக்காது.

வைத்துப் பதிதல்

சூழலொலிக்கு இரண்டு மைக் வேண்டும். முப்பது சென்ரிமீற்றர் பருமனுள்ள மரத்தின் இரு பக்கத்திலும், தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், காதுகள் மாதிரிக் கட்டுங்கள். அடிமரம் இடத்தையும் வலத்தையும் பிரித்துவிடும். கேட்பவருக்குக் காட்டின் நடுவில் நிற்பது போல இருக்கும். பாலை, வேம்பு, புளி நல்லவை. பனை வேண்டாம். அடிமரம் அருமையாக இருக்கும், ஆனால் மேலே காவோலை சின்னக் காற்றுக்கே சரசரக்கும். தென்னையிலும் அதே கரைச்சல், அதோடு தேங்காய். எந்த மரமென்றாலும் முசுறு எறும்பு ஊர்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். மயிர்க் கவசத்துக்குள் முசுறு புகுந்தால் அதன் நடை இடி மாதிரிப் பதியும். எடுக்கும்போது கையிலும் வாங்குவீர்கள்.

பதிவைத் தொடங்கியதும் ஐம்பது மீற்றர் தள்ளிப் போய்விடுங்கள். நைலோன் சட்டை, கையில் சாவிக்கொத்து, வயிற்றுப் பசி எல்லாம் மைக்குக்குக் கேட்கும். பருத்திச் சட்டை, றப்பர் செருப்பு, இரண்டு விசுக்கோத்து போதும். ஒவ்வொரு பதிவும் குறைந்தது இருபது நிமிடம் ஓடட்டும். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் போட்ட கலவரம் அடங்குவதற்கே போய்விடும். குரங்கு உள்ள இடத்தில் கண் எட்டாத தூரத்துக்குப் போக வேண்டாம். மயிர்க் கவசத்தைப் பார்த்தால் அதற்கு ஆசை வரும்.

தனிக் குருவியைக் கையில் பிடித்த மைக்கால் பதிவதென்றால் வயரை ஒரு வளையம் போட்டுக் கைப்பிடியோடு ரேப்பால் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் வயர் ஆடுகிற ஆட்டமெல்லாம் உள்ளே வரும். குருவி பாடி முடித்த பிறகும் பத்து விநாடி அசையாமல் நில்லுங்கள். பிறகு நிறுத்தாமலே மெல்லிய குரலில் திகதி, நேரம், இடம், எந்தக் குருவி, கண்ணால் கண்டீர்களா, எத்தனை மீற்றர் தூரம் என்று சொல்லி முடியுங்கள். ஒரு மாதம் கழித்து இந்தப் பத்து விநாடிதான் உங்களைக் காப்பாற்றும்.

டிஷ் அன்டெனா

தூரத்துக் குருவிக்குக் கிண்ணம் உதவும். கூரையில் சும்மா கிடக்கிற அறுபது சென்ரிமீற்றர் தொலைக்காட்சி டிஷ்ஷே போதும். அதன் தலைப்பெட்டி (கம்பியின் நுனியிலுள்ள எல்என்பி) இருந்த இடத்தில் மைக்கை, கிண்ணத்தைப் பார்த்தபடி கட்டுங்கள். இந்த டிஷ் நேராக நிற்கும்போது இருபது இருபத்தைந்து பாகை மேலே ‘பார்க்கும்’. எனவே குறி வைக்கும்போது முகத்தைக் கீழே சாய்க்க வேண்டும். பின்பக்கத் தகட்டில் தடித்த பஞ்சுப் பட்டி ஒட்டாவிட்டால் தகடு தாளம் போடும்.

வட்டக் கிண்ணம் கிடைத்தால் குவிமையம் கண்டுபிடிக்க ஒரு கணக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். விட்டம் 60, ஆழம் 15 என்றால் 3600ஐ 240ஆல் வகுக்க 15 சென்ரிமீற்றர். அதிலிருந்து அரை சென்ரிமீற்றர் முன்னும் பின்னும் நகர்த்தி, பத்து மீற்றரில் வைத்த மணிக்கூட்டின் ‘டிக் டிக்’ எங்கே கூர்மையாக விழுகிறது என்று ஹெட்போனில் பாருங்கள். அடுப்படித் தாச்சியையும் சிலர் முயல்வார்கள். அது உருண்டையின் துண்டு. குவிமையம் ஒரு புள்ளியில் விழாது. ஓரளவு உதவும், அம்மாவின் ஏச்சு தனி.

அறுபது சென்ரிமீற்றர் கிண்ணம் ஏறத்தாழ 600 ஹேர்ட்ஸுக்கு மேல்தான் பெருக்கும். தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் கொண்டாட்டம், செண்பகத்துக்குப் பலனில்லை. கடலின் அடித்தொனியும் பெருகாது என்பது நமக்கு இலாபம்.

கோளாறுகள்

பதிவில் ‘பட் பட்’ என்று பொரிகிற சத்தம் வந்தால் ஈரம். விடியற் பனியும் உப்புக் காற்றும் மைக்குக்குள் போயிருக்கிறது. குளிரூட்டி போட்ட அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தாலும் இதுதான் நடக்கும். பையை மூடியபடியே அரை மணித்தியாலம் வெளியில் வைத்துவிட்டுத் திறவுங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசு ஏறும்.

தொடர்ந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு தொனி நின்றால் அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும். பக்கத்தில் மின்மாற்றித் தூண் இருக்கும். இடத்தை மாற்றுவதுதான் மருந்து. ‘பிர்ர் பிர்ர்’ என்றால் சட்டைப் பையில் போன். 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஊசி மாதிரி நிற்பது சில்வண்டு. அதை எந்த மென்பொருளும் குருவியைக் காயப்படுத்தாமல் எடுக்காது. மரத்திலிருந்து மரத்துக்கு மாறிப் பாருங்கள், பத்து மீற்றரில் பாதியாகும்.

வீட்டில்

மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம், போதும். முதலில், எந்தச் சுருதி எப்போது ஒலித்தது என்று காட்டுகிற அலைமாலைப் படத்தைத் திறந்து பாருங்கள். கடல் அடியில் பனிமூட்டம் மாதிரிப் படர்ந்திருக்கும், குயில் ஏறுகிற படிக்கட்டு மாதிரித் தெரியும். குருவியின் கோடு எங்கே தொடங்குகிறதோ அதற்குச் சற்றுக் கீழே தாழ்சுருதியை வெட்டுங்கள். சின்னக் குருவிகளுக்கு 500 வரைகூடப் போகலாம், செண்பகத்துக்கு 100ஐத் தாண்ட வேண்டாம். உச்சத்தை −3 டெசிபெலுக்கு ஏற்றுங்கள். முன்னும் பின்னும் மூன்று விநாடி வெறும் சூழலை விட்டு வெட்டுங்கள். இரைச்சல் நீக்கியைத் தொட வேண்டாம். அது கடலை எடுக்கிற சாக்கில் குருவியின் குரலைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும்.

உலகம் முழுவதும் உள்ள பறவைக் குரல்களைச் சேர்க்கிற ஸீனோ-கான்டோ இணையத்தளம் 2005இல் தொடங்கியது. யாரும் இலவசமாகப் பதிவேற்றலாம். அங்கே இடம், திகதி, நேரம், பாட்டா அழைப்பா, பறவையைக் கண்டீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். நீங்கள் மெல்லிய குரலில் சொல்லி வைத்த பத்து விநாடி இங்கேதான் வேலைக்கு வரும். கோப்பின் பெயரையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்: 2025-03-14_0552_கன்னியா_வண்ணாத்திக்குருவி. கருவி தானாகக் கொடுக்கிற எண்ணை அப்படியே விட்டால் முந்நூறாவது கோப்பில் எது கன்னியா, எது கந்தளாய் என்று உங்களுக்கே தெரியாது.